மடங்கிய கைக்கு ஒரு சிறு மோட்டார்



உங்கள் வலது முன்கையை மேசை மீது வைத்து, கையை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்க விடுங்கள். இப்போது கையை மெதுவாக மேலே உயர்த்துங்கள். ஏறத்தாழ 70 பாகை வரை உயரும். கீழே மடக்கினால் 80 பாகை அளவுக்குச் செல்லும். ரொட்டிக்கு மாக் குழைப்பதும், தேங்காய் துருவுவதும், பிள்ளைக்குத் தலை வாருவதும், சட்டியை அடுப்பிலிருந்து இறக்குவதும் இந்த ஏற்ற இறக்கத்துக்குள்தான் நடக்கின்றன. அதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை எங்கள் குடும்பத்துக்கு 2022 பெப்ரவரியில் ஏற்பட்டது.

எனது ராத்தாவுக்கு அப்போது வயது 52. கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டைப் பக்கம், இறப்பர்த் தோட்டங்களை அடுத்த ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஸுபஹுக்கு எழுந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சுக் குழறியது, வலது கை விழுந்துவிட்டது. பாரிசவாதம். (இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிராமல் உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்பியூலன்ஸ் இலவசமாகவே வரும்.) உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். இரண்டு மாதத்தில் கால் ஓரளவு தேறியது. கை மட்டும் உள்ளங்கைக்குள் விரல்களைப் பொத்திக்கொண்டு நெஞ்சோடு ஒட்டி நின்றது.

"தம்பி, இது என்ட கை மாதிரியே இல்ல. யார்டயோ கைய எனக்கு ஒட்டி வெச்ச மாதிரி இருக்கு" என்றார் ஒரு நாள். அந்த வார்த்தையில் மருத்துவ உண்மை ஒன்று இருந்ததைப் பின்னரே அறிந்தேன். பாரிசவாதத்தில் கை பழுதாவதில்லை. எலும்பு, தசை, நரம்பு எல்லாம் இருந்தபடியே இருக்கும். கைக்குக் கட்டளை அனுப்பும் மூளையின் பகுதியில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அப்பகுதி சேதமடைகிறது. மூளையில் சேதமடையாத பகுதிகள் அந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் குழந்தை எழுதப் பழகுவதைப் போல, திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை கற்கும்.

எத்தனை தடவை? வட அமெரிக்க சிகிச்சை நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2009 இல் வெளியானது. ஒரு தடவை சிகிச்சைக்கு வரும் நோயாளி, பயன்பாட்டுக்குரிய கை அசைவுகளைச் சராசரியாக 32 தடவை மட்டுமே செய்கிறார் என்று அது கணக்கிட்டது. விலங்குகளை வைத்து மூளை ஆராய்ச்சி செய்வோர் நாளொன்றுக்கு நானூறு, அறுநூறு தடவை பயிற்சி கொடுத்தே மாற்றத்தைக் கண்டிருக்கின்றனர். பணமும் வசதியும் நிறைந்த இடத்திலேயே 32 என்றால், எங்கள் மலைப் பக்கத்து நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். பிசியோ கிளினிக் திகதி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. இரண்டு பஸ் மாற வேண்டும். கூடப் போகும் பெண்ணின் ஒரு நாள் வேலை கெடும். அந்த வருடம் எரிபொருள் இல்லாமல் பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் நின்றுபோன மாதங்களில் அந்தத் திகதிகளும் தவறிப்போயின.

மருமகள்தான் வீட்டில் கையை அசைத்துவிடுவாள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, சமைத்து, துவைத்து, மாமியின் மணிக்கட்டையும் நாளுக்கு நூறு தடவை உயர்த்தி இறக்குவது என்றால் எப்படி முடியும்? பத்திருபது தடவையில் அவளுக்கே கை சோர்ந்துவிடும். நோயாளியின் வீட்டில் இரண்டாவது நோயாளி உருவாவது இப்படித்தான். அதை யாரும் வைத்தியரிடம் சொல்வதில்லை.

இந்த இடத்தில் எனது மாணவன் ஒருவன் வருகிறான். பக்கத்துத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. எனது இஸ்லாம் பாட வகுப்பில் இருந்தவனல்லன். ஒரு வருடம் நான் அவனுக்கு வகுப்பாசிரியராக இருந்தேன், அவ்வளவுதான். தொழினுட்பப் பிரிவில் உயர்தரம் படித்தான். 2021 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 மார்ச்சில்தான் முடிந்தது. பெறுபேறு வரும்வரை வீட்டில் இருந்த காலத்தில், அவன் தன் தாய்க்காக ஒரு கருவி செய்துகொண்டிருந்தான்.

அவனது தாய் பால் வெட்டுபவர். இறப்பர் மரத்தில் பட்டையை ஒரு நாணயத்தின் கனத்துக்கும் குறைவாகச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரம் கெடும், குறைந்தால் பால் வராது. அந்த அளவெல்லாம் மணிக்கட்டில்தான் இருக்கிறது. மழை நாளில் பால் வாளியோடு சரிவில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு எலும்பு உடைந்தது. ஆறு வாரம் பிளாஸ்டர். எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் மூட்டு இறுகிவிட்டது. "சேர், அம்மாவுக்குக் கை மடங்கவே மாட்டேங்குது. கத்தியப் புடிச்சா திருப்ப முடியல" என்றான்.

அரபுக் கல்லூரியில் நஹ்வும் ஸர்ஃபும் படித்தவருக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பிள்ளையிடமும் வைத்தியசாலையின் பிசியோ மிஸ்ஸிடமும் கேட்டுக் கேட்டு அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவன் முதலில் செய்தது, பழைய உதிரிப்பாகக் கடையில் வாங்கிய கண்ணாடி துடைக்கும் மோட்டாரை ஒரு பலகையில் பூட்டியது. வேன்களில் மழைத் தண்ணீரைத் துடைக்குமே, அந்த மோட்டார். மலிவு, பலசாலி, பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும். இத்தனை குணமும் உள்ள அந்த மோட்டாரைப் பிசியோ மிஸ் பார்த்த மாத்திரத்தில் வேண்டாம் என்றுவிட்டார். அதன் உள்ளே திருகாணி போன்ற ஓர் உருளை ஒரு பற்சக்கரத்தைத் திருப்புகிறது. மோட்டார் சக்கரத்தைத் திருப்பும். சக்கரம் மோட்டாரைத் திருப்பாது. அதாவது, கரண்ட் நின்றால் கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் பூட்டிக்கொள்ளும். வலித்தாலும் இழுத்துக்கொள்ள முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பூட்டில் ஒரு தாயின் கை மாட்டியிருப்பதை எண்ணிப் பாருங்கள்!

அடுத்து, விளையாட்டு விமானங்களில் பூட்டும் சிறிய சேர்வோ மோட்டாரைக் கொண்டு வந்தான். அதற்கு ஒரு கணக்கும் போட்டுக் காட்டினான். நடுத்தர உடலுள்ள பெண்ணின் கை, மணிக்கட்டுக்கு அப்பால், ஏறத்தாழ 400 கிராம். அந்தப் பாரத்தின் மையம் மணிக்கட்டிலிருந்து 7 சென்ரிமீற்றர் தள்ளி. இரண்டையும் பெருக்கினால் 2.8 கிலோகிராம் சென்ரிமீற்றர். அந்த மோட்டார் 10 வரை தரும், ஆகவே தாராளம் என்றான். தளர்ந்து கிடக்கும் கைக்கு அது சரிதான். இறுகிய மூட்டுக்கும், பாரிசவாதத்தில் விறைத்துப்போன கைக்கும் போதாது. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. அந்த வகை மலிவான மோட்டாரிடம் "40 பாகைக்குப் போ" என்றால் போக முயலும். வழியில் எவ்வளவு எதிர்ப்பு இருந்தது, போய்ச் சேர்ந்ததா, நோயாளி தானாக உதவினாரா என்று எதையும் திரும்பச் சொல்லாது. காது கேளாத பணியாளன் போல.

மலிவாகச் செய்வது என்றால் மலிவான சாமான் வாங்குவது என்றே நானும் எண்ணியிருந்தேன். எதை விட்டுவிடலாம், எதை ஒருபோதும் விடக்கூடாது என்று பிரித்தறிவதில்தான் மலிவு இருக்கிறது என்பதை அந்த இரண்டு மாதங்களில் கண்டேன். ஜப்பானில் 2009 இல் தோள் முதல் மணிக்கட்டு வரை ஏழு அசைவுகளைத் தாங்கும் இயந்திரக் கை ஒன்றை உருவாக்கியவர்களில் நம் நாட்டவரான ருவன் கோபுரவும் ஒருவர். பின்னர் அவரது ஆய்வுகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பயோனிக்ஸ் ஆய்வுகூடத்தில் தொடர்ந்தன. ஏழு அசைவு ஆராய்ச்சிக்கு வேண்டும். லயத்து வீட்டுக்கு ஓர் அசைவு போதும்.

இதே எண்ணத்தை முறையாகச் செய்து காட்டியவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற கருவியை உருவாக்கி, 2021 இல் அதன் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டன. அதில் இருப்பது ஒரே ஒரு மோட்டார். கைபிடியை மட்டும் கழற்றி மாட்டலாம். ஒரு கைபிடி மணிக்கட்டை மேலும் கீழும் அசைக்கும், மற்றொன்று முன்கையைத் திருப்பும், இன்னொன்று விரல்களைத் திறந்து மூடும். இடியப்ப உரலில் அச்சை மாற்றுவது போலத்தான். உரல் ஒன்று, அச்சுப் பல. கணினித் திரையில் சிறு விளையாட்டு ஓடும். நோயாளி கையால் அதை ஆடுவார். வெளிநாட்டு இயந்திரங்கள் பல இலட்சம் ரூபாய் பெறுமதியானவை என்பதாலேயே இப்படிச் சிந்தித்திருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளை இறுதியில் செய்தது அதைவிட மிக எளியது. நேர்ப் பற்சக்கரங்கள் கொண்ட ஒரு சிறு மோட்டார். கரண்ட்டை நிறுத்தினால் கையால் தள்ளித் திருப்பலாம். அச்சில் கோணம் அளக்கும் ஒரு சாதனம். மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்கும் இன்னொன்று. கை எதிர்த்தால் கரண்ட் கூடும், கூடியதும் மோட்டார் நின்று சற்றுப் பின்வாங்கும். இவற்றை ஆளுவது ஆர்டுயினோ எனும் சிறு பலகை. 2005 இல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவானது, இப்போது எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் கையிலும் இருக்கிறது. மின்வெட்டுக்கு ஈடாக மோட்டார் சைக்கிள் பற்றரி. எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்க்குள் முடிந்தது. இவற்றுக்கும் மேலாகப் பிசியோ மிஸ்ஸின் கட்டளைப்படி இரண்டு இரும்பு ஆணிகள். மேலே ஒன்று, கீழே ஒன்று. பலகையில் எழுதிய கணக்கு பிழைத்தாலும், மோட்டார் பைத்தியம் பிடித்து ஓடினாலும், கைத்தட்டு அந்த ஆணிகளைத் தாண்ட முடியாது. நல்ல கையின் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான், அடித்தால் எல்லாம் நிற்கும். பணம் போதவில்லை என்று விட்டுவிடக்கூடாதவை இவைதாம்.

அவனது தாய்க்கு அது பயன்பட்டது. மூட்டு இறுக்கத்துக்கு மெதுவான, தொடர்ச்சியான அசைவு வேண்டும். கனடா நாட்டு எலும்பு வைத்தியர் ரொபர்ட் சால்டர் 1970களிலேயே இதை வலியுறுத்தியிருக்கிறார். அவர் இயந்திரத்தில் கையை வைத்துவிட்டு மற்றக் கையால் கீரை ஆய்வார்.

அதே கருவியை ராத்தாவுக்குக் கொண்டு போகலாம் என்றபோது பிசியோ மிஸ் தடுத்தார். சிங்களத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: அந்த அம்மாவின் மூளை நலமாக இருக்கிறது, மூட்டுத்தான் இறுகியது. உங்கள் ராத்தாவின் மூட்டு நலமாக இருக்கிறது, மூளைதான் மறந்தது. இவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க இயந்திரம் கையை ஆட்டினால், மூட்டு இறுகாமல் இருக்கும். மூளை எதையும் கற்காது. வேகமாக ஆட்டினாலோ விறைப்புக் கூடும்.

ஆகவே, கருவியை மாற்றாமல் அதன் நடத்தையை மாற்ற வேண்டியிருந்தது. இங்கேதான் வெறும் மோட்டாருக்கும் கட்டுப்படுத்தப்பட்ட மோட்டாருக்கும் வித்தியாசம். ஒரு விளக்கு எரியும். ராத்தா கையை உயர்த்த முயல வேண்டும். இயந்திரம் இரண்டு விநாடி சும்மா இருக்கும். கோணத்தில் சிறு மாற்றம் தெரிந்தால், மிச்சத் தூரத்துக்கு மெல்லக் கை கொடுக்கும். முயற்சி கூடினால் அடுத்த தடவை உதவியைக் குறைக்கும். மாற்றமே இல்லையென்றால் காத்திருந்து பாதி தூரம் மட்டும் தூக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நெவில் ஹோகன், ஹெர்மானோ கிரெப்ஸ் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் செய்த இயந்திரத்தின் அடிப்படையும் இதுதான். நடை பழகும் குழந்தையின் பின்னால் தாய் கையை விரித்துக்கொண்டு போவாளே, தூக்கிக்கொண்டு போகாமல், அதைப் போன்றது.

மிஸ் ராத்தாவிடம் ஒரு கேள்வி கேட்டார். கை வந்தால் முதலில் என்ன செய்ய ஆசை? ராத்தா யோசிக்கவே இல்லை. "நானே வுழூ செய்ய வேணும் மிஸ். ஒவ்வொரு வக்துக்கும் மகள் தண்ணி ஊத்திக் கழுவி விட்றா." பால் வெட்டும் தாயிடம் கேட்டபோது, கத்தி பிடிக்கணும் என்றாராம். அன்றிலிருந்து இயந்திரப் பயிற்சி முடிந்ததும் ராத்தா ஒரு வெற்றுச் சுண்டைப் பிடித்துச் சரிக்கப் பழக வேண்டும், அதில் தண்ணீர் இல்லாவிட்டாலும். இது முக்கியம். பிரித்தானியாவில் 770 நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2019 இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்தது. எம்.ஐ.டி. வகை இயந்திரத்தில் பயிற்சி பெற்றவர்களின் அன்றாடக் கைப் பயன்பாடு, வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட மேம்படவில்லை என்பதே அதன் முடிவு. இயந்திரம் வாங்கினால் கை வந்துவிடும் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரைவிட எங்களுக்கு அதிகத் தொல்லை தந்தது பட்டிதான். பொத்திய கையை எப்படித் தட்டில் வைப்பது? இதில் நீங்கள் எல்லோரும் அறிய வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. பொத்திய விரல்களை ஒருபோதும் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள். முதலில் மணிக்கட்டை மெதுவாகக் கீழ்நோக்கி மடியுங்கள். விரல்களின் தசைநாண்கள் தளர்ந்து விரல்கள் தாமாகவே சற்று விரியும். உங்கள் நல்ல கையிலேயே இதைச் செய்து பார்க்கலாம். பெருவிரலை நுனியில் இழுக்காமல் அடியில் பிடித்து வெளியே எடுங்கள். பிறகு கையைத் தட்டில் வைத்து மணிக்கட்டை நேராக்குங்கள். நோயாளியை எழுப்ப அந்தக் கையைப் பிடித்து இழுப்பதும் கூடாது, தோள் மூட்டு நழுவும்.

பட்டியை எனது மனைவி தைத்தார். முதலில் தைத்தது இரண்டு கையால் இறுக்க வேண்டியதாக இருந்தது. அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் மருமகளைக் கூப்பிட வேண்டும், இயந்திரம் செய்ததன் நோக்கமே கெட்டுவிடும். மூன்றாவது தடவை, ஒரு முனையைப் பலகையில் ஆணியடித்து, மறு முனையை வளையத்தில் நுழைத்து, ஒட்டும் பட்டியால் ஒரே கையால் மூடும்படி செய்தார். தோலில் படும் பக்கம் பழைய பருத்தித் துணி. உணர்வு குறைந்த கைக்கு வலி தெரியாது, ஆகவே கழற்றியதும் சிவந்த தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அன்று மீண்டும் மாட்டக்கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார்.

நாளுக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் நூறு முயற்சி. மருமகள் ஒரு கொப்பியில் குறித்து வந்தாள். ஆரம்பத்தில் ராத்தா தாமாக உயர்த்தியது 5 பாகைக்கும் குறைவு. நான்கு மாதத்தில் 20ஐத் தொட்டது. அதில் இயந்திரம் தந்தது எவ்வளவு, காலம் தந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. முதல் மூன்று மாதங்களில் உடல் தானாகவும் தேறும். ஆனால் மருமகளின் முதுகு வலி குறைந்ததற்கு இயந்திரம்தான் காரணம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. விரல்கள் முழுதாக விரியவில்லை, இன்றும் இல்லை. சுண்டின் பிடியை வலது கையால் பற்றி, இடது கையால் அடியைத் தாங்கி, சரித்து ஊற்றுகிறார். இடது கையைக் கழுவுகையில் மட்டும் மகள் வந்து பிடிப்பாள். அதையும் இப்போது சில நாட்களில் வேண்டாம் என்கிறார்.

பால் வெட்டும் தாய் கத்தியைத் திரும்ப எடுத்துவிட்டார். பழைய அளவு மரங்கள் இல்லை, குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கருவி இப்போது தோட்டத்தின் மேற்பிரிவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் இருக்கிறது. அவருக்கு விழுந்தது இடது கை. வலது கைக்கென்று செய்த பலகையைப் புரட்டிப் பூட்டும்படி பிள்ளை துளைகளை மாற்ற வேண்டியதாயிற்று. அவரது முன்கை ராத்தாவினதைவிட மிக மெலிந்தது, பட்டி தளர்ந்து நழுவுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்து மனைவியின் அளவு நாடாவை வாங்கிக்கொண்டு போனான்.